தூங்குவதற்கான விண்ணப்பம்

எங்கள் ஊரில் யாராவது "எப்படி இருக்கே?" என்று கேட்டால் "மோசமில்லை" என்றுதான் சொல்ல வேண்டும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆனால் எழுதி வைத்த சட்டங்களை மீறுகிற ஆட்கள்கூட இதை மீறி நான் பார்த்ததில்லை. அறுவடை இயந்திரத்தில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்த லார்ஸ், கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு காப்பிக் கடைக்குள் வந்து, "மோசமில்ல, ஆஸ்பத்திரிப் பக்கமா யாராவது போறீங்களா?" என்று கேட்டான். யாரும் போகவில்லை என்றால் ஒரு காப்பி குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருப்பான்.

கனடாவின் சமவெளியில், கோதுமையும் காற்றும் தவிர வேறு எதுவும் விளையாத இடத்தில் இருக்கிறது எங்கள் வில்லோ பெண்ட். தொள்ளாயிரம் பேர். அதில் என் பக்கத்து வீட்டுக்காரன் மைரன் கோவால். நாற்பத்தோரு வருஷம் தானியக் கிடங்கில் கோதுமைக்குத் தரம் போட்டவன். கையில் அள்ளி, மோந்து, நாலு மணியைக் கடித்துப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம், மாட்டுத் தீவனம் என்று சொல்லிவிடுவான். அவன் சொன்னால் சொன்னதுதான். சொந்த மச்சான் கொண்டுவந்த கோதுமையை மாட்டுத் தீவனம் என்று எழுதினான். மச்சான் பதினோரு வருஷம் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வரவில்லை. மைரன் அதற்கும் தரத்தை மாற்றவில்லை.

போன வருஷம் கோடையில் அவனுடைய புற்றுநோய் முதுகெலும்புக்குப் போய்விட்டது. நகரத்துப் பெரிய டாக்டர் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னார். மைரன் சண்டை போடவில்லை. எழுபத்தாறு வயது, மோசமில்லை என்றான். அவன் கேட்டது ஒன்றே ஒன்று. வலியைக் கொஞ்சம் அடக்கி, ராத்திரி தூங்க வைத்து, ஆர்லீன் நடந்து வந்து பார்க்கிற தூரத்தில் சாக விட வேண்டும். ஆர்லீன் அவன் மனைவி. கண்பார்வை மங்கிப்போய் கார் ஓட்டுவதை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

இது பெரிய ஆசை இல்லை. ஏனென்றால் அவர்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் வில்லோ பெண்ட் அமைதி இல்லம் இருக்கிறது. சாகப்போகிறவர்களை வலியில்லாமல் வைத்துக்கொள்வதற்கென்றே கட்டியது. ஐந்து அறைகள். அஸ்திவாரம் போட்டபோது ஒரு திறப்பு விழா, கூரை போட்டபோது ஒன்று, கதவு மாட்டியபோது ஒன்று என்று மூன்று திறப்பு விழாக்கள் நடந்தன. மூன்றுக்கும் தலைநகரத்திலிருந்து ஆட்கள் வந்து நாடா வெட்டினார்கள். கட்டடத்துக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. உள்ளே வேலை பார்க்கிற நர்சுகளுக்குப் பாதிதான் கொடுக்கும். மீதியை ஊர் திரட்ட வேண்டும். ஊர் இறைச்சியைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல் நடத்தியும் பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை விற்றும் இரண்டு அறைகளை ஓட்டுகிறது. மற்ற மூன்று அறைகளிலும் படுக்கை விரித்து, தேவாலயத்துப் பெண்கள் தைத்த போர்வையை மடித்து வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த அறைகளில் விளக்குகள் தானாக எரியும், பத்து மணிக்கு அணையும். ஆள் இருப்பது போலத் தெரிய வேண்டும் என்று அரசுத் துறை ஒரு கருவி பொருத்தியிருக்கிறது.

ஆகஸ்ட் மாதம் ஆர்லீன் துறைக்குப் போன் செய்தாள். துறையின் முழுப் பெயர் 'வாழ்வின் நிறைவுப் பருவச் சேவைகள்'. செவ்வாய்க்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு மணி வரை அங்கே மனிதர்கள் உண்டு. மூன்றாவது செவ்வாய்க்கிழமை ஒரு பெண் கிடைத்தாள். நான் அப்போது அவர்கள் சமையலறைக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஆர்லீன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போனை மேசை மேல் வைத்தாள்.

"சார், ஒண்ணுலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லணும். பத்துன்னா நீங்க கற்பனை பண்ணக்கூடிய படுமோசமான வலி. இப்ப உங்க வலி எத்தனை?"

மைரன் கண்ணை மூடிக்கொண்டான். கோதுமையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பானே, அந்த முகம் வந்துவிட்டது.

"எண்பத்தி மூணுல பீட்டர் சூடர்மன் தானியம் ஏத்தற திருகு மெஷின்ல காலை விட்டுட்டான். நான்தான் பக்கத்துல இருந்தேன். அது பத்து," என்றான். "ஆர்லீனோட பிரசவம் ஒரு எட்டு வைக்கலாம்."

"ஒம்போது!" என்றாள் ஆர்லீன்.

"சரி, ஒம்போது. பாதிரியார் கிட்னியில கல்லு வந்து தரையில உருண்டாரு, அது ஏழு. அப்படிப் பாத்தா எனக்கு ஒரு நாலு வருது."

அப்படிச் சொல்லும்போது மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. தாடையிலிருந்து வியர்வை சொட்டியது.

"நாலு. ரொம்ப நன்றி சார். ஏழுக்கு மேல போச்சுன்னா மறுபடி கூப்பிடுங்க," என்று சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டாள்.

ஆர்லீன் கையிலிருந்த கரண்டியைத் தொட்டியில் வீசினாள். "ராத்திரி பூரா தலையணையைக் கடிச்சுத் தின்னுட்டு, காலைல நாலாம்! நாலு! உன்னை யாரு மனுஷா அங்க தரம் போடச் சொன்னா?"

"ஏழுன்னு சொன்னா எனக்கும் பீட்டருக்கும் மூணுதான் வித்தியாசம்னு ஆயிடும் ஆர்லீன். அவனுக்குக் கால் போச்சு."

"பீட்டர் செத்து இருபது வருஷம் ஆச்சு. அவன் வந்து எழுதினதைப் பாத்துக் கோச்சுக்கப் போறானா?"

அந்த வாரம் முழுக்க அவனுக்குப் பயிற்சி கொடுத்தோம். நான் போன் பெண்ணாக உட்காருவேன். "உங்க வலி எத்தனை சார்?" என்று கேட்பேன். ஆர்லீன் அவன் பின்னால் நின்றுகொண்டு ஏழு விரல்களைக் காட்டுவாள். திங்கட்கிழமைக்குள் ஐந்து வரை கொண்டுவந்துவிட்டோம். மறுநாள் நிஜப் பெண்ணிடம் அவன் பெரிய மனது பண்ணி "அஞ்சரை" என்றான். கணினியில் அரை போட இடமில்லை, கீழே இறக்கி ஐந்து என்று எழுதிக்கொள்வதாக அவள் சொன்னாள்.

கடைசியில் வாரத்துக்கு இரண்டு நாள் வருகிற எங்கள் ஊர் டாக்டர்தான் தானாகவே எட்டு என்று எழுதி, இந்த மனிதர் தொண்ணூறு நாளுக்குள் இறந்துவிடுவார் என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். தொண்ணூறு நாள் என்பது விதி. அதற்குமேல் உயிரோடிருக்க உத்தேசம் உள்ளவர்களைத் துறை எடுத்துக்கொள்வதில்லை. செப்டம்பர் மாதம் மைரன் பட்டியலில் ஏறினான். தபாலில் நீல நிறக் கோப்பு ஒன்றும், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைக்கிற காந்தம் ஒன்றும் வந்தன. காந்தத்தில் 'நீங்கள் தனியாக இல்லை' என்று எழுதியிருந்தது. நர்ஸ் வரவில்லை. பட்டியலில் இருக்கிறவர்களுக்கு நர்ஸ் வரமாட்டார், பட்டியலில் முதலில் இருப்பவருக்குத்தான் வருவார் என்று விசாரித்தபோது தெரிந்தது. மைரன் ஏழாவது ஆள்.

முன்னால் இருந்த ஆறு பேரும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். எப்படி நகர்ந்தார்கள் என்று விவரிக்கத் தேவையில்லை. எண்பத்தெட்டாவது நாள், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மைரன் முதலாவதாக வந்துவிட்டான் என்று தகவல் வந்தது. ஆர்லீன் அவனுக்குப் புது இரவு உடை இஸ்திரி போட்டு வைத்தாள். சனி, ஞாயிறு துறைக்கு விடுமுறை. திங்கட்கிழமை தொண்ணூற்றோராவது நாள். அன்றைய தேதியிட்டு ஒரு கடிதம் வந்தது.

'அன்புள்ள திரு. கோவால், நீங்கள் எதிர்பார்ப்பைத் தாண்டியிருப்பதற்கு எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள். உங்கள் நிலை மேம்பட்டதால் பட்டியலிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். மீண்டும் சேர விரும்பினால் புதிய மருத்துவச் சான்று தேவை. முந்தைய சான்று தவறானது என்று நிரூபணமாகியிருப்பதால், இம்முறை இரண்டு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும்.'

மைரன் அதை இரண்டு முறை படித்தான். "டாக்டருக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்துட்டேனே," என்றான். அவன் நிஜமாகவே வருத்தப்பட்டான். எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

டிசம்பர் முதல் வாரம் ஊர் மண்டபத்தில் அமைதி இல்லத்துக்காகப் பெரோகி விருந்து. துறையின் வட்டார இயக்குநர் கேலீன் ஹார்ட்விக் அம்மையார் வந்திருந்தார். நல்ல நிறத்தில் கோட்டு, நல்ல சிரிப்பு. மைரனை நானும் லார்ஸும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் வைத்தோம். அம்மையார் மேடையேறி ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்.

"நண்பர்களே, படுக்கை இல்லைன்னு ஒரு பேச்சு அடிபடுது. அது உண்மை இல்லை. படுக்கை இருக்கு. அஞ்சு இருக்கு. நானே நேர்ல போய் எண்ணிப் பாத்தேன். படுக்கைக்குப் பக்கத்துல நிக்கற ஆள்தான் இல்லை. படுக்கை கட்டுமானத் துறை, ஆள் பணியாளர் துறை. ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது."

சிலர் தலையாட்டினார்கள்.

"இன்னொரு நல்ல செய்தி. நம்ம வட்டாரத்துல காத்திருப்போர் பட்டியல் இந்த வருஷம் நாப்பது சதவீதம் குறைஞ்சிருக்கு!"

கைதட்டினார்கள். மைரன் என் பக்கம் சாய்ந்து, "குறைஞ்சவங்க எல்லாரையும் எனக்குத் தெரியும்," என்றான். அதில் மூன்று பேருடைய சவப்பெட்டிக்கு நான் தோள் கொடுத்திருந்தேன்.

கேள்வி நேரம் வந்ததும் ஆர்லீன் எழுந்தாள். "என் புருஷனுக்கு வலிக்கு ஊசி போட ஒரு ஆள் இல்லங்கறீங்க. ஆனா ஒரேயடியா ஊசி போட்டு அனுப்பறதுக்கு மட்டும் ஆள் இருக்காமே, அது எப்படி?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. எங்கள் ஊரில் இப்படி யாரும் நேராகக் கேட்பதில்லை. ஹார்ட்விக் அம்மையார் சந்தோஷப்பட்ட மாதிரிதான் தெரிந்தது.

"ரொம்ப நல்ல கேள்வி. உதவி மரணம் ஒரு உரிமை. கோர்ட்டு சொல்லியிருக்கு. உரிமைன்னா கேட்டவங்களுக்குக் குடுத்தே ஆகணும், முழு நிதியும் உண்டு. வலி தணிப்பு உரிமை இல்லை. அது எங்களோட முன்னுரிமை. முன்னுரிமைக்குன்னு ஒரு குழுவே போட்டிருக்கோம்."

"குழு எப்போ கூடும்?"

"அதுக்கு நிதி கேட்டிருக்கோம்."

அப்புறம் அட்டையில் செய்த பெரிய காசோலையைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். நோயாளி ஒருவர் படத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று மைரன் மடியில் அதை நிறுத்தினார்கள். அட்டை கனமில்லை, ஆனால் முதுகை நிமிர்த்திப் பிடிக்க வேண்டியிருந்தது. படம் பிடித்த பையன் மூன்று தடவை எடுத்தான். குலுக்கலில் மைரனுக்குப் பன்றித் தொடை ஒன்று பரிசாக விழுந்தது. அவன் வயிற்றில் அப்போது கஞ்சியே நிற்கவில்லை. இல்லத்துக்காக நடந்த விழாவிலிருந்து அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த ஒரே உதவி அதுதான். நான் தூக்கிக்கொண்டு போனேன்.

நீலக் கோப்பின் கடைசிப் பக்கத்தில், உதவி மரணம் கேட்கிறவர்களுக்கு என்று இன்னொரு போன் நம்பர் இருந்தது. விருந்துக்கு மறுநாள் ஆர்லீன் அதைக் கூப்பிட்டாள். கோபத்தில்தான் கூப்பிட்டாள், திட்டுவதற்கு. இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"வணக்கம், நான் கொரின், நர்ஸ். சொல்லுங்க, என்ன செய்யணும்?"

ஆர்லீன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "டெல், ஆள் பேசறா! நிஜ ஆள்!" என்றாள். திட்டுவது மறந்துபோய்விட்டது.

மறுநாளைக்கு மறுநாள் டாக்டர் மெர்சியே என்ற பெண்மணியும் கொரினும் இருநூறு கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்தார்கள். மைரன் கட்டிலில் இருந்தபடி, "காரைச் செருகிட்டீங்களா?" என்றான். எங்கள் குளிரில் எஞ்சினுக்குக் கரண்ட் கொடுக்காவிட்டால் கார் திரும்பிப் போகாது. அதை முடித்துவிட்டுத்தான் பேச்சு ஆரம்பித்தது.

கொரின் நம்பர் எதுவும் கேட்கவில்லை. அவன் படுத்திருந்த விதத்தைப் பார்த்தாள், விரல்களைப் பார்த்தாள், தலையணையை எடுத்து முழங்காலுக்குக் கீழே வைத்தாள். "எத்தனை மாசமா இப்படி?" என்று ஆர்லீனிடம் கேட்டாள். டாக்டர் மருந்துச் சீட்டுகளை வாங்கிப் பார்த்துவிட்டுப் பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தார். வாழ்த்து மாதிரி இல்லை. பிறகு போனில் மருந்துக்கடையைப் பிடித்து மருந்தை மாற்றினார், ஒரு ஊசி போட்டார். அன்றைக்கு மைரன் ஒன்பது மணி நேரம் தூங்கினான். மறுநாள் காலையில் ஆர்லீன் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "மூக்குல கை வெச்சு வெச்சுப் பாத்தேன் டெல். தூங்கறான். வெறும் தூக்கம்!" என்று சொல்லி அழுதாள்.

அடுத்த முறை வந்தபோது ஆர்லீன் டாக்டரிடம் கேட்டாள். "வாராவாரம் வருவீங்களா?"

டாக்டர் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இனிமே விண்ணப்பம் இருந்தாத்தான் நாங்க வர முடியும். நாங்க வலி தணிப்பு இல்லைங்க. சாகறதுக்குத் தகுதி இருக்கான்னு மதிப்பீடு செய்யத்தான் எங்களை அனுப்பறாங்க. வந்த இடத்துல ஒரு மனுஷன் துடிக்கறதைப் பாத்துட்டு சும்மா திரும்பிப் போக எனக்கு வராது. அதை எங்க எழுதறதுன்னு தெரியாம, 'போக்குவரத்து'ன்னு எழுதிட்டு இருக்கோம்."

அவர்கள் போனபிறகு சமையலறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். யாரும் முதலில் சொல்ல விரும்பவில்லை. கடைசியில் மைரன்தான் சொன்னான்.

"விண்ணப்பம் போட்டா வருவாங்க."

"உனக்குச் சாகணும்னு இருக்கா?" என்றாள் ஆர்லீன்.

"இல்ல. தூங்கணும்னு இருக்கு."

எழுதிக் கொடுத்தோம். 'நன்கு யோசித்து என் சொந்த விருப்பத்தின்படி' என்ற இடத்தில் மைரன் கையெழுத்துப் போட்டான். வாழ்நாளில் ஒரு மூட்டை கோதுமைக்குக்கூட அவன் பொய்த் தரம் எழுதியதில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சாட்சி நான். ஜனவரி பதினாலு என்று தேதி கொடுத்தார்கள்.

அதன் பிறகு வந்தவை நல்ல வாரங்கள். கொரின் செவ்வாய்தோறும் வந்தாள், மருந்தைச் சரி செய்தாள், மைரனைக் குளிப்பாட்டினாள். அவன் சூப் குடித்தான். என்னோடு சீட்டாடி, ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயித்து, "ஸ்கூல் பஸ் ஓட்டினவனுக்குக் கணக்கு எங்க வரும்?" என்று கேலி செய்தான். பனிச்சறுக்குப் பந்தயம் தொலைக்காட்சியில் வந்தது. அதை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி ஜனவரித் தேதியைத் தள்ளிவைத்தோம். அடுத்த தேதிக்கு ஆர்லீனுக்குச் சளி என்றோம். ஒவ்வொரு முறையும் கொரின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரியில் ஹார்ட்விக் அம்மையார் கையெழுத்தோடு கடிதம் வந்தது. ஒரு கோப்பு இரண்டு தேதி மாற்றங்களைத்தான் தாங்கும். மூன்றாவது தேதியிலும் சேவையைப் பெற்றுக்கொள்ளாவிட்டால் கோப்பு மூடப்படும், வருகைகளும் நிற்கும், மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாதம் பொறுக்க வேண்டும். 'உங்கள் விருப்பத்தின் தெளிவுக்கு நாங்கள் தரும் மரியாதை இது' என்று முடித்திருந்தார்.

"வேண்டாம்னு சொல்லிடறேன்," என்றான் மைரன். "கோப்பு மூடட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

"ஆமா, சொல்லிடு. நான் பழையபடி செவ்வாய்க்கிழமை போன்ல உக்காந்துக்கறேன்," என்றாள் ஆர்லீன். அப்படித்தான் முடிவாயிற்று. மூன்று பேரும் ஒத்துக்கொண்ட முடிவு.

அந்த நாள் காலையிலிருந்து பனிப்புயல். நெடுஞ்சாலையில் பாதியை மூடிவிட்டார்கள். வரமாட்டார்கள், தேதி தானாகத் தள்ளிப்போகும், வானிலையைத் தேதி மாற்றமாக எண்ண மாட்டார்கள் என்று நான் வாதம் பண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டரை மணிக்கு வந்துவிட்டார்கள். பனி தள்ளுகிற வண்டியின் பின்னாலேயே நூறு கிலோமீட்டர் ஊர்ந்து, எங்கள் ஊருக்கு ஏழு கிலோமீட்டர் முன்னால் பள்ளத்தில் சறுக்கி, யாரோ ஒரு விவசாயி டிராக்டர் வைத்து இழுத்துவிட, இடுப்புவரை நனைந்து வந்தார்கள். ஆர்லீன் கொரினுடைய காலுறைகளை வாங்கி வெப்பக்காற்று வருகிற துளையின்மேல் காயப்போட்டாள். முட்டைச் சாண்ட்விச் வைத்தாள். டாக்டர் இரண்டு கையாலும் காப்பிக் கோப்பையைப் பிடித்துக் குளிர் காய்ந்தார்.

பிறகு டாக்டர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். "மைரன், நான் கேட்டாகணும். இது உங்களுக்கு இன்னிக்கு வேணுமா? வேண்டாம்னா ஒரு வார்த்தை போதும். இப்பவும் சொல்லலாம், ஊசியை எடுத்தப்பறமும் சொல்லலாம்."

மைரன் சுவர்ப் பக்கம் பார்த்தான். காலுறைகளிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க," என்றான்.

"அது ஒரு காரணமே இல்லை."

"பள்ளத்துல வேற விழுந்து எழுந்து."

ஆர்லீன் குறுக்கே வந்தாள். "மைரன், நீ சொல்றேன்னு சொன்னியே!"

"சொன்னேன். மூஞ்சியைப் பாத்து எப்படிச் சொல்றது?"

டாக்டர் பையை மூடிவிட்டார். "நாங்க வந்ததுக்காகன்னா நான் செய்யவே மாட்டேன். இப்பவே கிளம்பறேன்."

"கிளம்பினா நாளைக்கு யார் வருவா?" என்றான் மைரன்.

டாக்டர் கொரினைப் பார்த்தார். கொரின் மருந்துப் புட்டிகளைப் பார்த்தாள்.

"மருந்து எது வரைக்கும் இருக்கு?" என்று மைரனே கேட்டான்.

"வியாழக்கிழமை வரைக்கும்," என்றாள் கொரின்.

"வியாழக்கிழமைக்கு அப்பறம்?"

டாக்டர் எழுந்து சமையலறைக்குப் போய்ப் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். ஹார்ட்விக் அம்மையார் அலுவலகத்தைப் பிடித்து இருபது நிமிஷம் பேசினார். மூன்றாவது தெருவில் மூன்று படுக்கைகள் காலியாக இருப்பதைச் சொன்னார், கெஞ்சினார், ஒருதரம் கத்தினார். கோப்பு திறந்திருக்கும்வரை நோயாளியை வேறு பட்டியலுக்கு மாற்ற முடியாது, கோப்பை மூடினால் மூடிய கோப்பிலிருந்து யாரையும் மாற்ற முடியாது என்று அங்கிருந்து பொறுமையாக விளக்கினார்கள். அவர்கள் குரல் சுவரைத் தாண்டிக் கேட்டது. மரியாதையான குரல்.

டாக்டர் திரும்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மைரன் அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

"மறுபடி அந்த ராத்திரிகளுக்கு நான் போகலைங்க. என்னால ஆகாது," என்றான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "இன்னிக்கே ஆகட்டும்."

டாக்டர் எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு அவனோடு தனியாக ஒரு மணி நேரம் இருந்தார். என்ன கேட்டார், அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. கதவு திறந்தபோது டாக்டரின் கண்கள் சிவந்திருந்தன. அவர் ஆர்லீனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். ஆர்லீன் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அவள் கட்டிலில் ஏறி அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். மைரன் கொரினிடம், "திரும்பறப்போ கிழக்கு ரோட்ல போகாதீங்க, அங்கதான் பனி குவியும்," என்றான். பிறகு ஆர்லீன் காதில் ஏதோ சொன்னான், அவள் அழுதுகொண்டே சிரித்தாள். அஞ்சே காலுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

நன்றாக நடந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்த ஆறு மாதத்தில் அரசாங்கம் அவனுக்குச் செய்த காரியங்களில் தொடங்கி முடித்தது அது ஒன்றுதான்.

பிறகு டாக்டர் சமையலறை மேசையில் படிவத்தை எழுதினார். ஆர்லீன் எதிரே உட்கார்ந்து, பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"இது என்ன?"

"நோயாளிக்கு வலி தணிப்புச் சிகிச்சை பத்தித் தகவல் தரப்பட்டதான்னு கேக்கறாங்க."

"என்ன எழுதினீங்க?"

"ஆம்னு. அந்த நீலக் கோப்பு வந்துச்சு இல்லையா? அது தகவல்தான்."

"கிடைச்சுதான்னு கேக்கற கட்டம் எங்க?"

டாக்டர் படிவத்தைத் திருப்பினார். மறுபக்கமும் பார்த்தார். "அப்படி ஒரு கட்டம் இல்லைங்க," என்றார்.

ஆர்லீன் கையை நீட்டினாள். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தார். தாளின் ஓரத்தில் இருந்த வெள்ளை இடத்தில், கண்ணைத் தாளோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அவள் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'கேட்டார். கிடைக்கவில்லை.' எழுதிவிட்டு டாக்டரிடம் கொடுத்து, "இதை யாராவது படிக்கணும்," என்றாள். அவள் முகத்தில் ஒரு காரியத்தை முடித்த நிம்மதி இருந்தது.

நான் அவர்கள் காரின் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக் கொடுத்தேன். கொரின் ஏறி உட்காருவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தத் தாளை இயந்திரத்துல வெச்சுக் கணினியில ஏத்துவாங்க," என்றாள். "கட்டத்துக்குள்ள இருக்கறது மட்டும்தான் ஏறும். ஓரம் ஏறாது. அவங்க கிட்ட சொல்லிடாதீங்க."

ஆர்லீன் தபால் வருகிற நாளெல்லாம் வாசலுக்கு வருகிறாள். துறையிலிருந்து பதில் வந்ததா என்று வந்த தபாலை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறாள். இன்னும் வரவில்லை, வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.